ராக்கு அத்தை கம்மாயில் பார்த்தது

சீமைக்கருவேல நெற்று பழுத்து உதிர்கிற மாதங்களில் எங்கள் ஊர்க் கம்மாய்ப் பக்கம் போனால், வெல்லப்பாகை அடுப்பில் லேசாகத் தீயவிட்டதுபோல ஒரு வாடை மூக்கில் ஏறும். வெயில் ஏற ஏற அந்த வாடையும் ஏறும். ஆடுகள் அதற்கு மயங்கித்தான் முள்ளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கின்றன என்று நாங்கள் நம்பினோம். மஞ்சளாகப் பழுத்த "நெத்து"களைப் பொறுக்கி, நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு, கடைவாயில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். அப்படியொரு நெத்துக் காலத்தில்தான் எங்கள் ஊருக்கு வனமனிதன் வந்தான், அல்லது வந்தது. இன்றுவரை எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மழையை நம்பிய நிலம் என்று பொருள். பருத்தி போட்டால் பருத்திக்காடு, மிளகாய் போட்டால் மிளகாய்க்காடு, எதுவும் போடாவிட்டால் வெறுங்காடு. மரங்கள் அடர்ந்து உள்ளே விலங்குகள் உலவுகிற காட்டைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற பஸ் எங்கள் ஊர் விலக்கில் ஆளை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து கம்மாய்க்கரை வழியாக நடந்தால் ஊர். கம்மாயில் தண்ணீர் கிடந்ததைவிடக் கருவைதான் அதிகம் கிடந்தது. உள்ளே நுழைந்த ஆட்டைத் தேடிப் போகிறவர்கள் சட்டை கிழிந்துதான் திரும்புவார்கள்.

ராக்கு அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை. காலையில் மில் வேன் வந்து விலக்கில் ஏற்றிக்கொள்ளும், வெயில் தாழ இறக்கிவிடும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, நடுத்தர வயதுக்காரி மாதிரி நரைத்துப்போய் வந்து, முகம் கழுவியதும் மறுபடி சின்னப் பெண்ணாகிவிடுவாள். பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அன்றைக்கு அவள் முகம் கழுவாமலே அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, கம்மாய்க்குள்ள ஒண்ணு நிக்கிது" என்றாள் அம்மாவிடம்.

"என்ன ஒண்ணு? மாடா?"

"மாடு ரெண்டு கால்லயா நிக்கும்? மனுசன் மாதிரி இருக்கு, ஆனா மனுசன் இல்ல. ஒடம்பெல்லாம் முடி. செவலை மாட்டு நெறம். அண்ணனவிட ஒரு மொழம் ஒசரம் இருக்கும்."

"ஒன்னயப் பாத்துச்சா?"

"பாத்துச்சு. பாத்துட்டு மறுபடி நெத்துப் பறிக்க ஆரம்பிச்சுருச்சு. எம்புட்டு முள்ளு மதினி! அதுக்கு ஒண்ணுகூடக் குத்தல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பூ வைத்த பெண் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்றாள். ஆனால் அத்தை மறுநாள் மில் வேனில் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாய் என்று கேட்டதற்கு, "பாத்தேன், சொன்னேன்" என்றாள். அதற்குமேல் காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை. வேனில் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அப்பா முதலில் கரடி என்றார். கரடியை அவர் பார்த்ததில்லை என்பது தெரிந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. வனத்துறை ஆள் ஒருவர் வந்து கரைமேல் நின்றபடியே பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வனமே கெடையாது, அப்பறம் எப்படி வனவிலங்கு வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால், அது விலங்கு இல்லை என்று ஊர் முடிவு செய்தது. அங்கிருந்துதான் எல்லாம் கோணலாகப் போனது.

வீரசோழனிலிருந்து சேலை விற்க வருகிற காதர் பாய், மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பல வருஷம் இருந்தவர். அவர் எங்கள் வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அங்கேயும் இப்படி ஒன்று உண்டு என்றார். "பாதம் பின்பக்கமாத் திரும்பி இருக்கும்மா. தடத்தப் பாத்து அது போன தெசைக்குப் போறோம்னு நெனப்பீக. அது வந்த தெசைக்குல்ல போயிக்கிட்டு இருப்பீக!" இதைக் கேட்டபிறகு, கம்மாய்க்குள் ஒரு தடத்தைப் பார்த்து அதுவரை தெற்கே தேடிக்கொண்டிருந்தவர்கள் வடக்கே தேடினார்கள். தேடப்போவது அதற்குத் தெரிந்தால் அதுவே பின்னோக்கி நடந்து ஏமாற்றாதா என்று ஒருவர் கேட்கப்போக, கரைமேல் ஆம்பளைகள் அரைநாள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் அவர்கள் மிதித்த மிதியில், இருந்த தடமும் அழிந்துபோனது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா வேறு சொன்னார். கடல்கொண்ட பழைய நிலத்திலிருந்து தப்பி வடக்கே நடந்த ஆதிமனிதர்களில் ஒரு வம்சம் வெளியே தலைகாட்டாமல் இப்படி ஒளிந்து வாழ்கிறது, நெருங்கிப் பேசினால் அது தூய தமிழில் பதில் சொல்லும் என்றார். சாயங்காலம் நாங்கள் கரையில் வரிசையாக நின்று, "ஐயா, தாங்கள் யாவர்?" என்று கருவையைப் பார்த்துக் கத்தினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று, "ஏலே, நாந்தேன்லே" என்றார்.

திருச்சுழியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த கண்ணன் அண்ணன் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவார். இது இந்த உலகத்துப் பிராணியே இல்லையாம். காற்றில் கதவுகள் இருக்கின்றனவாம், வேறொரு உலகத்திலிருந்து அதன் வழியாக வந்து போகுமாம். "எங்கயாவது இதோட எலும்பு கெடைச்சிருக்கா? கெடைக்காது. கெடைச்சா அது வெறுங் கொரங்கு. கெடைக்கலைன்னா அதுதான் அது" என்பார். அதைப் பார்க்கிறவர்களை அதுவே தேர்ந்தெடுக்கிறது என்று அத்தையிடம் பயபக்தியோடு சொன்னபோது, அவள் குழம்பிப்போய், "என்னய எதுக்குண்ணே தேர்ந்தெடுக்கணும்? நான் காலையில ஷிப்டுக்குப் போகணும்" என்றாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பெரியவர்களாவது ஆளுக்கொரு கதையை நம்பினார்கள். நான் எல்லாவற்றையும் நம்பினேன். பின்பக்கம் திரும்பிய பாதத்தோடு, பழந்தமிழ் பேசிக்கொண்டு, காற்றிலிருக்கும் கதவைத் திறந்து வெளியே வருகிற ஒன்று என் மண்டைக்குள் குடியிருந்தது. அது கதவுக்குள் போகும்போது பாதம் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யோசித்து யோசித்துக் கணக்குப் பரீட்சையில் தோற்றேன். அத்தனை பேரும் பேசியதில், பார்த்தவளை மட்டும் யாரும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவில்லை. அவள் பாட்டுக்கு முடியிலிருந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு பாலவனத்தத்துக்கும் போனது. மாப்பிள்ளையின் மூத்த அக்காள் புருஷனோடு வந்து இறங்கினார். காப்பித் தம்ளரைக் கையால் தொடவில்லை.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா காத்துக் கருப்பு அண்டியிருக்கு. கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போயி எடுத்து விடுங்க. இல்லையா, சொன்னது பொய்யின்னு அதுவே எங்க முன்னால சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு ஆகாம தேதி குறிக்க முடியாது."

அவர்கள் போனபின் அப்பா அந்தக் காப்பியை எடுத்து வாசலில் கொட்டினார். பிறகு, "பொய்யின்னு சொல்லிரு ராக்கு. ஒரே வார்த்த. அதோட முடிஞ்சுச்சு" என்றார்.

"பாத்தத எப்பிடிண்ணே பாக்கலைன்னு சொல்ல? இன்னைக்குப் பொய்யின்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் அங்க போயி, பாலு பொங்குதுன்னு சொன்னாக்கூட அவுக நம்ப மாட்டாகளே."

அப்பாவுக்குக் கோபம் வந்தது, அதற்குப் பிறகு அழுகையும் வந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான். வேறு வழி தெரியாமல் அத்தையைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கோடாங்கி உடுக்கடித்துப் பேயைக் கண்டுபிடிக்கிறவர். சாம்பிராணிப் புகையில் கண்கள் எரிய, அத்தையின் நெற்றியில் திருநீற்றை அப்பி, உடுக்கை வேகமாக அடித்து, "யாரு நீ? சொல்லு! யாரு நீ?" என்று அதட்டினார்.

"ராக்கு" என்றாள் அத்தை. "மில்லுல வேல பாக்குறேன்."

அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் அதையே சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கோடாங்கி உடுக்கைக் கீழே வைத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதுகிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று அப்பாவிடம் சொன்னார். பேய் இல்லை என்று கோடாங்கி சொன்னால் நல்ல செய்திதானே? ஆனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி வரவில்லை. பேயும் இல்லை, பொய்யும் இல்லை என்றால் பாலவனத்தத்துக்கு எதைச் சொல்லியனுப்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையே வந்தார். சௌந்தரபாண்டி என்று பெயர். மினி லாரி ஓட்டி லோடு அடிக்கிறவர். அக்காளுக்குச் சொல்லாமல் வந்திருந்தார். அப்பாவிடம், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, முற்றத்தில் நின்றபடியே கேட்டார்.

"அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

என்ன நிறம், எவ்வளவு உயரம், பாதம் எந்தப் பக்கம் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெத்துத் தின்னுக்கிட்டு இருந்துச்சு."

"முள்ளு?"

"அதான் எனக்கும் தெரியல. மேக்கொப்ப வளைச்சு, பூப் பறிக்கிற மாதிரி பறிச்சுச்சு."

"எடத்தக் காட்டுறீகளா?"

இரண்டு பேரைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். கரையிலிருந்து இறங்கி, மடைக்குப் பக்கத்தில் நின்றோம். நல்ல வெயில். நெத்து வாடை தொண்டைவரைக்கும் இறங்கியது. நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று அத்தை என் தோளை இறுக்கினாள். மறுகையை நீட்டி, "அந்தா" என்றாள், சத்தமே வராமல்.

அந்த விரலுக்கு நேராக நான் பார்த்தேன். கொப்புகள் இருந்தன. கொப்புகளுக்குள் வெயில் துண்டு துண்டாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மைனா பறந்தது. நானும் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணில் நீர் வரப் பார்த்தேன். சௌந்தரபாண்டி புருவத்துக்குமேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ம். ஆமா. நிக்கிது."

அத்தை கம்மாயை விட்டுவிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படி ஒருவரைப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, அவர்கள் இருவருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்ற குழப்பத்தில் அன்று நான் சோறு தின்னவில்லை.

தன் ஊருக்குத் திரும்பிய சௌந்தரபாண்டி அக்காளிடம், "நானும் பாத்துட்டேன். கோடாங்கி பாக்குறதுன்னா எனக்கும் சேத்துப் பாரு" என்று சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தலில் கண்ணன் அண்ணனும் காதர் பாயும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கதவுக்குள் போகிறதுக்குப் பாதம் பின்பக்கம் இருந்தால்தான் தோது என்று ஒருவழியாக உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அதற்கு முன்பே ஐப்பசி மழையில் கம்மாய்க்குள் தண்ணீர் வந்து நெத்துக் காலம் முடிந்திருந்தது, அதன்பிறகு வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் கருவையை அடியோடு எடுக்க உத்தரவு வந்து, எந்திரங்கள் கம்மாய்க்குள் இறங்கின. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆட்டு எலும்பும், சைக்கிள் சக்கரம் ஒன்றும், உடைந்த பானைகளும் கிடைத்தன. வேறு எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. கண்ணன் அண்ணன் போனில் என்னை அழைத்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். இப்போது அவருக்குப் பிரவுசிங் சென்டர் இல்லை. காதர் பாய் இல்லை. காதர் பாயின் மகன் துபாயில் இருக்கிறார், சேலை மூட்டையோடு யாரும் வருவதில்லை. விலக்கில் இறங்கினால் மறைக்க ஒரு மரமில்லை, ஊரின் கடைசி வீட்டுக் கொடியில் காய்கிற துணிவரைக்கும் தெரிகிறது. ஒளிந்துகொள்ள வேண்டிய எதுவும் இனி எங்கள் ஊர்ப் பக்கம் வர முடியாது.

போன மாசி மாதம் ஊர்க் கோயில் பொங்கலுக்கு அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். திரும்பும்போது பஸ் ஏற்றிவிட நானும் விலக்குவரை நடந்தேன். மடைக்குப் பக்கம் வரும்போது, எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததை மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு நீங்க பாத்தது எப்படி இருந்துச்சு?"

மாமா நின்றார். வெட்ட வெளியாகக் கிடந்த கம்மாயைப் பார்த்தார்.

"கருப்பா, குட்டையா இருந்துச்சு தாயி. கூனிக்கிட்டு."

அத்தை சட்டென்று திரும்பினாள். பிள்ளை பெற்று, பேரன் எடுக்கப் போகிற இந்த வயதுவரை, அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"கருப்பா? செவலையில்ல? ஒசரமா இல்ல?"

"இல்லையே."

அத்தை யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது.

"அப்ப ரெண்டு இருந்திருக்கு" என்றாள். "பாவம், ஒத்தையாக் கெடக்கேன்னு நான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.