ஒரு குருவிக்கு ஒரு தப்பு

குருவி சார் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கடைசியாக அவர் கரும்பலகையில் வரைந்ததைப் படமெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவருடைய மகளிடம் நீட்டினார் பள்ளி மேற்பார்வையாளர் அம்மாள். வேலைக்கு வந்து மூன்றே மாதம் ஆன அம்மாள்.

மகள் படத்தைப் பார்த்தாள். குருவிக்கு வாலில் மூக்கு. தொப்பையில் கண். கால்கள் மூன்று.

"பாவம், அன்னைக்கு வகுப்புலயே அவருக்கு மூளை கலங்கிடுச்சும்மா. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பெத்தவங்க யாராவது கேட்டா காட்டணுமேன்னு போட்டோ எடுத்து வெச்சேன். அறிக்கையிலயும் அப்படியே எழுதிட்டேன்."

அம்மாளின் உதட்டோரத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. பேசப் பேச அது ஏறி இறங்கியது. மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வரைபடங்களைச் சரிபார்ப்பாள். தப்புக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அப்பாவோ தப்புப் போட்டே சம்பளம் வாங்கியவர். முதலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். ஏணி ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் போனதும் இந்தப் பள்ளிக்கு வந்து, நாலு வயசு ஐந்து வயசுப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருஷம் கேலிச்சித்திரக் குருவி வரையக் கற்றுக்கொடுத்தார். பெரிய வட்டம் தொப்பை, சின்ன வட்டம் தலை, முக்கோணம் மூக்கு, உச்சியில் மூன்று முடி. ஆனால் ஒருநாளும் அதைச் சரியாக வரைந்து காட்டியதில்லை. ஏதாவது ஒன்றை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பார்.

"ஐயே! சார்!" என்று வகுப்பே அலறும்.

"என்ன ஐயே? எங்க வீட்டுக் குருவி இப்படித்தான் இருக்கும்."

விடுவார்களா? ஓடிவந்து உள்ளங்கையால் அழித்துச் சரியான இடத்தில் போடுவார்கள். அழித்த கைக்குக் குருவி வந்துவிடும். ஐயே சத்தம் வராமல் அவர் அடுத்த கோடு போடமாட்டார்.

வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் மெழுகு வண்ணம், சட்டைக் கையில் யாரோ ஒரு பிள்ளையின் மூக்குச்சளி, வேட்டியில் மூத்திர வாடை. மகள் அந்தத் துணியை விரல் நுனியால் தூக்கித் தனி வாளியில் போடுவாள். "ஐயே, அப்பா!" என்பாள்.

"பாஸாயிட்ட," என்று சிரிப்பார். பிறகு கை கழுவிக்கொண்டே சொல்வார். "ஒரு குருவிக்கு ஒரு தப்புதாம்மா. ரெண்டு போட்டா பசங்க குழம்பிடுவாங்க."

படத்தில் மூன்று இருந்தன.

அதுதான் உறுத்தியது. மூளையில் ரத்தம் உறைந்தது காலையிலேயேவா, வகுப்பில் அவர் சரிந்த நிமிஷத்திலா என்று மருத்துவருக்கே சொல்லத் தெரியவில்லை. அம்மாள் சொல்வது நிஜமென்றால், அப்பா புத்தி தடுமாறிப் பிள்ளைகள் முன்னால் கிறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வகுப்பைப் பாக்கணும்," என்றாள்.

அம்மாளும் கூடவே வந்தார். முப்பது பிள்ளைகள் அச்சடித்த தாளில் புள்ளிகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பதும் ஒரே குருவி. முப்பது நகல் எடுத்த பொம்மைச் சிரிப்பு. மகள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் தொப்பை, தலை போட்டாள். மூக்கை வாலில் வைத்தாள். திரும்பினாள்.

சத்தமே இல்லை. முப்பது பேரும் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் கண்ணுங்களா, ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?"

முன்பல் விழுந்த பெண் ஒருத்தி விரலை எடுக்காமலே பேசினாள். "பேசக் கூடாது. மேடம் இருக்காங்க."

"அன்னைக்கும் இருந்தாங்களா?"

"ம். சார் மூக்கைப் பின்னாடி போட்டாரு. நாங்க பேசல. அப்புறம் கண்ணைத் தொப்பையில போட்டாரு. பேசல. அப்புறம் காலு ஒண்ணு கூடப் போட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, மேடம் காதைத் திருகினாங்க. சார் எங்களையே பாத்தாரு. 'சொல்லுங்கடா'ன்னாரு. அப்படியே உக்காந்துட்டாரு."

மகள் சட்டம் போட்ட படத்தைத் திரும்பவும் பார்த்தாள். அப்பாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு தப்புக்குப் பதில் வரவில்லை என்று இரண்டாவது. அதற்கும் வரவில்லை என்று மூன்றாவது. அவருக்குத் தெரிந்த வழியில் குரலை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார். வாய் பொத்திய முப்பது பிள்ளைகள் பார்த்திருக்கவே உயிர் போயிருக்கிறது. நிம்மதி கடுகளவு வந்தது. அம்மாள்மேல் அருவருப்பு அதைவிடப் பெரிதாக வந்தது.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றார் அம்மாள். "ஐயே ஐயேன்னு சந்தைக்கடை மாதிரி. கேக்கவே சகிக்கல."

மகள் பையிலிருந்து சரிபார்க்கும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். சட்டத்தின் கண்ணாடிமேல் மூக்குக்கு 1, கண்ணுக்கு 2, காலுக்கு 3 என்று எண் போட்டாள். கீழே 'வரைந்தவரிடம் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அம்மாளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை அறிக்கையோட சேத்து வைங்க. வைக்கலைன்னா நாளைக்கும் வருவேன்."

"துக்கத்துல என்னமோ பேசறீங்க."

மகள் பலகைக்குத் திரும்பித் தொப்பையில் கண் வைத்தாள். மூன்றாவது கால் போட்டாள். விரல்கள் உதட்டைவிட்டு அசையவில்லை. அம்மாளின் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அதை அப்படியே, சங்கிலியோடு, குருவியின் பிட்டத்தில் வரைந்து மாட்டினாள்.

பல் விழுந்தவளின் விரல் நழுவியது.

"ஐயே!"

அவ்வளவுதான். முப்பது வாயும் திறந்துகொண்டன. அம்மாள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பலகையை மொய்த்தார்கள், அழித்தார்கள், போட்டார்கள். சுண்ணத்தூள் பறந்தது. பல் விழுந்தவள் ஒரு தும்மல் போட்டு, கைக்கெட்டிய துணியில் மூக்கைத் துடைத்தாள். அது மகளின் சட்டைக் கை.

ஈரம் துணிக்குள் இறங்கியது. வழவழவென்று, வெதுவெதுப்பாக. உடம்பு கூசியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.