வளைவுக்கு யார் பொறுப்பு

எங்கள் கம்பெனியில் சர்ஃப்போர்டைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கடலைப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் முட்டிவரை நனைந்ததோடு சரி. இந்தத் தகுதியோடுதான் நாங்கள் அந்த ஆர்டரை எடுத்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில், வார்ப்பு வேலைக்கு மரப் பேட்டர்ன், அதாவது மாதிரி அச்சு, செய்யும் சின்ன ஷாப். புதிதாக ஒரு சிஎன்சி ரவுட்டர், கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின், வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு அதற்கு புரோகிராம் தருவது என் வேலை. புரொபேஷன் முடியப் பத்து நாள் இருந்தது.

கோவளத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் இரண்டு ஃபோம் பிளாக்கும் ஒரு தாளும் கொண்டுவந்தார். அலைமேல் நின்று சறுக்கும் பலகையை அதில் வெட்டித் தர வேண்டும். பிளாக் கப்பலில் வந்தது, மூன்றாவது கிடையாது. சாம்பிள் சரியாக வந்தால் தொடர்ந்து வேலை. வராவிட்டால் ரவுட்டர் ஏன் சும்மா நிற்கிறது என்று முதலாளி யோசிப்பார். அடுத்து நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசிப்பார்.

தாளில் மூன்று கணக்கு:

1. அவுட்லைன். ஒவ்வோர் அடிக்கும் அகலம். பாதி போதும், மறுபாதியை கம்ப்யூட்டர் மிரர் செய்துகொள்ளும்.
2. தடிமன்.
3. ராக்கர். பலகையைத் தரையில் வைத்தால் மூக்கும் வாலும் எவ்வளவு தூக்கி நிற்கும் என்ற அளவு. மூக்கு ஐந்து இன்ச்.

புள்ளிகளை அடித்து, வளைகோடு இழுத்து, மேடு பள்ளம் தட்டி, பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் பிரிண்ட் எடுத்தேன். அது மாசிலாமணி சார் மேசைக்குப் போனது.

மாசிலாமணி சார் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஷாப்பில் குவாலிட்டி அவர்தான். பிரிண்ட்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பாட்டில் போகும் அளவுக்கு இடைவெளி.

"என்னம்மா இது, வாழைக்காய் மாதிரி?"

"ராக்கர் சார். அப்படித்தான் கேட்டிருக்காங்க."

"வளைஞ்ச பிளேட்டை முப்பது வருஷத்துல ஒரு தடவை பாஸ் பண்ணியிருப்பேனா? டிராயிங் போட்டவன் தப்பா போட்டிருக்கான். நேராக்கு."

முதலாளியைப் பார்த்தேன். "சார் அனுபவஸ்தர்மா" என்றார்.

நேராக்கினேன்.

ஆபரேட்டர் தேசிங்கு முதல் பிளாக்கை வெட்டி முடித்து, தூசியை ஊதிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா மேடம், இஸ்திரி போட்ற பலகையா? நம்ம ஊட்லயே ஒண்ணு கீது, கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேன்ல?"

மாசிலாமணி சார் பலகையின் அடியில் ஸ்கேலை வைத்து டார்ச் அடித்தார். வெளிச்சம் கசியவில்லை. "பர்ஃபெக்ட்" என்று சொல்லி, கையெழுத்துகூடப் போடாமல் நகர்ந்தார்.

மறுநாள் வந்த ஏஜெண்ட் ஸ்கேலும் டார்ச்சும் கொண்டுவரவில்லை. "மேடம், இதுல ஏறி நின்னா மூக்கு நேரா தண்ணிக்குள்ள போகும். ஆளும் பின்னாடியே போவான். யார் இப்படி மாத்துனது?"

புரோகிராமின் முதல் வரியில் என் பெயர்தான் இருந்தது. முதலாளி அதை வாய்விட்டுப் படித்தார். மாசிலாமணி சாருக்கு அப்போது ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காட்சி.

ஏஜெண்ட் வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்துப் போனார். ஒரே பிளாக். கூட்டம் போட்டோம்.

"சரி, பாதி குடுப்போம்" என்றார் மாசிலாமணி சார். "ரெண்டரை இன்ச். அவனுக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி."

"நல்ல யோசனை" என்றார் முதலாளி. அலையிடம் யார் சமரசம் பேசுவார்கள் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை.

அலை பலகையின் அடியில் எப்படி வரும் என்று படம் போட்டு விளக்கினேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ரெண்டரை இன்ச்சே போதும் என்றார்கள்.

எங்கள் ஷாப்பில் ஒரு ஃபாரம் உண்டு. வாடிக்கையாளர் டிராயிங்கை மாற்றினால் அதை நிரப்பியாக வேண்டும். மாசிலாமணி சார் வந்த பிறகு கொண்டுவந்த வழக்கம். பேட்டர்னுக்கு மட்டும் என்று நினைத்து, ஃபோமுக்கு நான் எடுக்கவே இல்லை. அது என் தப்பு. இந்த முறை எடுத்து நிரப்பினேன்.

டிராயிங் அளவு: ஐந்து இன்ச்.
மாற்றிய அளவு: இரண்டரை இன்ச்.
காரணம்: வளைவாகத் தெரிகிறது.
மாற்றச் சொன்னவர்:

அந்த இடத்தை காலியாக விட்டு, பேனாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "சார், இங்க ஒரு கையெழுத்து."

படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். பிறகு பேனாவை முதலாளி பக்கம் நகர்த்தினார். முதலாளி அதை என் பக்கம் நகர்த்தினார்.

"டிராயிங்ல என்ன போட்டிருக்கு?" என்றார் மாசிலாமணி சார்.

"அஞ்சு இன்ச் சார்."

"அப்புறம் எதுக்கும்மா மாத்துறே? டிராயிங்படி வெட்டு."

தேசிங்கு வெட்டினார். வெள்ளிக்கிழமை ஏஜெண்ட் பலகையைத் தரையில் வைத்து மூக்கை அழுத்தினார். தொட்டில் மாதிரி ஆடியது. "இதுதான்" என்றார். "நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், டிராயிங்ல கை வைக்கக் கூடாதுன்னு" என்றார் மாசிலாமணி சார்.

என் வேலை நிரந்தரமானது. கடிதத்தில் 'மூத்தவர்கள் ஆலோசனையை ஏற்று நடக்கிறார்' என்று ஒரு வரி இருந்தது.

புதிதாக வருபவர்களுக்கு: வாயால் சொன்ன மாற்றத்தை புரோகிராமில் ஏற்றாதீர்கள். வாதாடவும் வேண்டாம். ஃபாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கையெழுத்து வந்தால் அவர் பொறுப்பு. வராவிட்டால், உங்கள் கணக்கு சரி என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.