துரை தராத லீவு

தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் கல்லறையருகே அவருடைய பழைய பட்லரைப் பார்த்தேன். நரைத்த மீசை, கசங்காத வெள்ளைக் கோட்டு. கல்லைத் துடைத்துவிட்டுக் குனிந்து, "வென்ஸ்டே" என்றார்.

"ஊருக்குப் போக என்னைக்கு லீவு வேணும்னு துரை கேட்டாருய்யா. புதன்கெழமைய இங்கிலீசுல 'வெட்னஸ்டே'ன்னேன். ஒழுங்காச் சொன்னாத்தான் லீவுன்னு சிரிச்சாரு. மறுநாளே காய்ச்சல்ல போயிட்டாரு. பதினோரு வருசமாச்சு. கம்பம் ஊர்ல சம்சாரம் காத்துக் கெடக்கா."

"இப்பத்தான் சரியாச் சொல்றீரே, புறப்படும்."

"நீங்க சொன்னா ஆச்சா? லீவு துரையில்ல குடுக்கணும்?"

கல்லில் காதை வைத்தார். முகம் வாடியது.

"இன்னொருக்கச் சொல்லச் சொல்லுதாரு."

நான் வளைவு திரும்பும்வரை அந்தச் சொல் இரண்டிரண்டு தடவையாகக் கேட்டது. மலையில் எதிரொலி சகஜம்தான். ஆனால் பட்லரின் குரல் இரண்டாவதாகத்தான் வந்தது.