சிலேட்டில் இல்லாத மன்னிப்பு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு ஒன்று.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையில் அவர், "ஏல மூதி, அண்டாவ இப்படியா போடுவ?" என்று சத்தம் போட்டால் தெருக்கோடி இஞ்சிக் குடோன் வரைக்கும் கேட்கும். ஞாயிறு மத்தியானம், மலையாளச் சபையார் ஆராதனை முடித்துக் கிளம்பிய பிறகு, அதே கோவிலில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். அங்கே அவர் மூப்பர். எழுந்து நின்று, "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று தொடங்கினால் பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். என் முந்தானை போகாது. காலையில் சட்னியில் உப்புக் கூடியதற்கு அவர் என்னைச் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. சின்னக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"குரல் இவ்வளவு கெட்டிருக்கே, என்ன ஜோலி?" என்று கேட்டார்.

"பாத்திர வியாபாரம்," என்றேன்.

"அதுக்கு இவ்வளவு கத்தணுமா?"

"ஜெபமும் பண்ணுவார்."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடிந்த பிறகு பேசவே கூடாது, கிசுகிசுப்பதுகூடக் கூடாது, தான் சொல்லும் வரைக்கும் வாயே திறக்கக் கூடாது என்றார். வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம், எந்த ரோட்டில் போக வேண்டும் என்று டிரைவருக்கு யாரும் சொல்லித் தராமல் வீடு வந்து சேர்ந்தோம்.

ஒரு சிலேட்டும் சாக்குக் கட்டியும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சிக்கல் இருந்தது. அவர் மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. எழுதினால் தமிழ்தான். கடையைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் அவர் எழுத, நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

முதல் நாளே லாரி வந்தது. சரக்கு இறக்கிய சேட்டன் ஒருவர் ஒரு பெரிய குத்துப்போணிப் பாத்திரத்தைத் தடால் என்று வைத்தார். இவர் சாக்குக் கட்டி உடையும் அளவுக்கு அழுத்தி எழுதினார்: 'இவனுக்குக் கையா, உலக்கையா?'

"சேட்டா, கொஞ்சம் மெல்லெ வச்சாப் போதும்," என்றேன்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த போணியைக் குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். போகும்போது, "முதலாளி இப்போ நல்ல மனுஷ்யனாயி," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இப்படியே நடந்தது. விலை குறைக்கச் சொல்பவர்கள், மாற்றித் தரச் சொல்பவர்கள், சும்மா தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர் எழுதியது ஒன்று, நான் சொன்னது ஒன்று. வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி முகத்துல ஒரு பிரகாசம் தெரியுதுக்கா. ஆண்டவர் மௌனத்துல பேசுறாரு," என்றார்கள். ஆண்டவர் பேசியது எனக்குத் தெரியாது. சிலேட்டு பேசியது தெரியும்.

அந்த நாட்களில்தான் பெயிண்டர் தம்பி கடைக்கு வந்தான். அவன் அப்பா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் சபையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கிடைத்ததும் சில ஞாயிறுகள் வராமல் இருந்தான். பிறகு ஒருநாள் வந்தபோது என் வீட்டுக்காரர் ஜெபத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, உம்முடைய பரிசுத்த நாளை வர்ணம் பூசி விற்கிற ஒரு மகன் இந்த ஆலயத்தில் நிற்கிறான். அவனுடைய கண்களைத் திறந்தருளும்." திறந்தது எங்கள் கண்கள்தான். மொத்தச் சபையும் கண் விழித்து அவனைப் பார்த்தது. அன்றைக்குப் போனவன் ஒரு வருஷமாக வரவில்லை. யாராவது கேட்டால் இவர், "நான் அவனை ஒண்ணுமே சொல்லலியே, ஜெபம்தானே பண்ணேன்?" என்பார்.

இப்போது வந்தவன் கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சிக்கு சுகமில்லன்னு கேட்டேன். ஒண்ணு பாத்துட்டுப் போலாம்னு," என்றான்.

இவர் சிலேட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் எழுதும் அளவுக்கு விஷயம் இருந்தது போலும், எழுத்தைப் பொடியாக்கிக்கொண்டார். எழுதி அவன் பக்கம் நீட்டினார்: 'ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நான் வாயடைச்சுக் கிடக்கறதப் பாக்க வந்தியா?'

தம்பி அதை வாங்கி, மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். பிறகு என்னிடம் தந்தான். "எனக்குத் தமிழ் வாசிக்க வராதேக்கா. அண்ணாச்சி என்ன சொல்றாரு?"

நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்ல நினைத்தேன். வந்தாயே, சந்தோஷம் என்கிற அளவுக்கு. ஆனால் அவன் ஒரு குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு ஜெபத்துல உன்னைக் குத்திக் காட்டுனது தப்புன்னு எழுதியிருக்காரு," என்றேன். "அதுலருந்து மனசு கேக்கலயாம். மன்னிச்சிரணுமாம்."

அவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, சாக்குப்பொடி படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. "சாரமில்ல அண்ணாச்சி, சாரமில்ல. விடுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆபீஸ் லீவு நாள்லதான் எங்கள உள்ள விடுவாங்க. வேற வழியில்ல. எல்லாரும் கண்ணைத் தொறந்து பாத்தாங்கல்ல, அதுகூடப் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் என் மக கேட்டா, அப்பா, கர்த்தருக்கு உன்மேல கோவமான்னு. அதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல அண்ணாச்சி. இனிமே அவகிட்ட சொல்லலாம்."

என் வீட்டுக்காரர் கையை உருவிக்கொள்ளவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு சிலேட்டைத் துடைத்து எழுதினார்: 'நீ பொய் சொன்னாய்.'

"ஆமா," என்றேன். "நீங்க எழுதுனது அத்தனையும் நிஜம். அதை வாசிச்சிருக்கலாம்."

பதில் எழுதச் சாக்குக் கட்டியை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டு, ஆரஞ்சு ஒன்றை உரித்துச் சாப்பிட்டார்.

எனக்கும் உள்ளே உறுத்தல்தான். ஒரு விசுவாசி பொய் சொல்லலாமா என்று போதகரிடம் கேட்கத் தோன்றியது. கேட்டால் முழுவதும் சொல்ல வேண்டி வரும் என்பதால் கேட்கவில்லை.

டாக்டர் பேசலாம் என்று சொன்னார். குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவருடையதாகவே திரும்பி வந்தது. அந்த வாரம் ஆராதனைக்குப் பெயிண்டர் தம்பி மனைவியோடும் மகளோடும் வந்திருந்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, அண்ணாச்சி தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை முழுதும் சொன்னான். நான் சொல்லாத இரண்டு வரிகளும் அதில் சேர்ந்திருந்தன. சபை ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் என் வீட்டுக்காரரை முன்னால் அழைத்தார்.

அவர் எழுந்து நின்று, "அதை நான் எழுதல," என்றார்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

"கர்த்தர் எழுதினாரு," என்றார்.

இன்னும் பெரிய ஸ்தோத்திரம் எழுந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். கர்த்தருடைய சார்பில் பொய் சொல்லிவிட்டு, பெயர்கூட வராமல், நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"ஏங்க, கர்த்தரா எழுதினாரு?"

"பின்னே? நீதான்னு சொன்னா, நீ பொய் சொன்னது சபைக்குத் தெரிஞ்சிரும்லா? உன் மானத்தக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்," என்றார். நிஜமாகவே அப்படி நம்புகிற முகத்தோடு சொன்னார். நான் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தார். தொண்டைக்கு நல்லதில்லை என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கடையில் சத்தம் திரும்பி வந்தது. மூதி என்ற சொல்லும் வந்தது. கோவில் ஜெபம் மட்டும் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் அவர் ஜெபத்தில் ஆண்டவரைத் தவிர வேறு யாரும் திட்டு வாங்குவதில்லை.

மழைக்காலம் முடிந்து கடை ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கத் தம்பியைத்தான் கூப்பிட்டோம். வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்தார். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு மனசுக்கு ஏதும் சுகமில்லையா?"

"ஏன் தம்பி?"

"போன வாரம் காக்கநாட்டுக்கு, நான் வேலை பாக்குற எடத்துக்கே தேடி வந்தாரு. பஸ் மாறி மாறி. என்னைத் தனியாக் கூப்பிட்டு, அன்னைக்கு ஜெபத்துல அப்படிச் சொன்னது தப்பு, மன்னிச்சிரு தம்பின்னாரு. நான் அன்னைக்கே மன்னிச்சாச்சே அண்ணாச்சின்னேன். கேக்கல. இப்பத்தான் புதுசாக் கேக்குற மாதிரி குரலெல்லாம் நடுங்குது. என் கூட்டாளிங்க எல்லாம் பாத்துட்டு நிக்காங்க."

சரக்கு எடுக்க என்று அவர் போன வாரமும் ஒருநாள் கிளம்பிப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, பஸ்ஸில் கூட்டம் என்று எரிந்து விழுந்தார்.

"வயசாகுதில்லா தம்பி," என்றேன். "ஏற்கெனவே கேட்டது மறந்திருக்கும்."

"பாவம்," என்றான் அவன். சாயாவைக் குடித்துவிட்டு, ஷட்டரில் விட்ட இடத்திலிருந்து நீலத்தை இழுக்கத் தொடங்கினான்.