அதிபர் இல்லாத ஓட்டுச்சீட்டு

அதிர்ச்சிக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கலிபோர்னியாவில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீடு தேடி வரும். வந்தது. பிளசன்டனில் எங்கள் தெருத் தபால்பெட்டி அருகிலேயே நின்று உறையைக் கிழித்தேன். விசா, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் என்று காத்துக் காத்து, எனக்கு இதுதான் முதல் அதிபர் தேர்தல். ஒரு வருஷமாக டிவி விவாதங்களைப் பார்த்து, திட்ட வேண்டியவர்களைத் திட்டி, எனக்கென்று ஒரு வேட்பாளரையும் முடிவு செய்து வைத்திருந்தேன்.

சீட்டில் செனட்டர் பதவி இருந்தது. நீதிபதி பதவி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வரி போடலாமா என்று ஒரு கேள்விகூட இருந்தது. அதிபர் மட்டும் இல்லை.

திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்... ம்ஹூம்.

உள்ளே ஓடி, என் கணவர் செந்திலிடம் நீட்டினேன். அவர் அதிரவே இல்லை. அது இரண்டாவது அதிர்ச்சி.

"நோ பார்ட்டி ப்ரிஃபரன்ஸ், எந்தக் கட்சியும் இல்லன்னு ரெஜிஸ்டர் பண்ணேன். ரெண்டு பேருக்கும். அதனாலதான் வரல போல" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

செந்தில் ஈரோட்டுக்காரர். அங்கே என் மாமனாருக்கு ஜவுளிக்கடை. எல்லாக் கட்சிக்காரர்களும் கரைவேட்டி எடுக்க வரும் கடை. முதலாளி எந்தக் கட்சி என்று ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாது. அந்த வளர்ப்பு. நம்ம கட்சி எது என்று கவர்ன்மென்ட்டுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். ரசம் தாளித்துக்கொண்டே நான் அந்த ஃபார்மில் கையெழுத்துப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இங்கேயே பிறந்த எங்கள் மகள் அனு, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்பவள். அவள்தான் விளக்கினாள். அதிபரைத் தேர்ந்தெடுப்பது நவம்பரில். இப்போது நடப்பது ப்ரைமரி. ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளர் யார் என்று மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்வது. மாநிலம் மாநிலமாக ஓட்டை எண்ணி, அந்தக் கணக்குப்படி பிரதிநிதிகள் கட்சி மாநாட்டுக்குப் போய் வேட்பாளரை அறிவிப்பார்களாம்.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் தலைமையிலிருந்து வரும். சீட் கிடைத்தவர் வெடி வெடிப்பார், கிடைக்காதவர் கட்சி மாறுவார். நமக்கு அதில் என்ன வேலை? இங்கேயோ, தெருவில் போகிற என்னைக் கூப்பிட்டு "உங்க சாய்ஸ் யாரு?" என்று கேட்கிறார்கள். கேட்கிறார்களே என்று பூரித்துப் போவதற்குள் ஒரு கண்டிஷன். அதிபர் பதவிக்கு மட்டும், எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று முதலில் நான் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்!

இந்த அநியாயத்தைச் சொல்ல அயோவாவில் இருக்கும் தோழி வித்யாவுக்கு போன் போட்டேன். அவள் சிரித்தாள். அங்கே ப்ரைமரிக்குப் பதிலாகக் காகஸ் என்று ஒரு கூட்டமாம்; சில வருஷங்களுக்கு முன் அவள் போனபோது சீட்டும் கிடையாதாம், பெட்டியும் கிடையாதாம்.

"ஸ்கூல் ஜிம்ல நம்ம ஆளுக்குன்னு ஒரு மூலை இருக்கும், அங்க போய் நிக்கணும்டி. எதிர் மூலையில யாருன்னு பாக்கறேன்... என் மேனேஜர்."

ஆள் குறைவாக நிற்கிற மூலையைக் கலைத்துவிடுவார்களாம். கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் வந்து, பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் மாதிரி, இங்கே வா அங்கே வா என்று இழுப்பார்களாம். கேட்கும்போதே எனக்கு வியர்த்தது.

வீட்டிலிருந்தபடியே மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்திருந்தது. ஓட்டுப்பதிவு அன்று நேரில் போய், பழைய சீட்டைக் கொடுத்து, கட்சியைச் சொன்னால் புதுச் சீட்டு. செந்தில்தான் டிரைவ் பண்ணினார். வரிசையில் எங்களுக்குப் பின்னால், லிவர்மோர் கோயிலில் அடிக்கடி பார்க்கிற ராமநாதன் அங்கிள்!

மேஜையில் இருந்த அம்மாள் கட்சியைக் கேட்டார். நான் முணுமுணுத்தேன். சரிபார்க்க வேண்டுமே, அவர் அதைக் கணீரென்று திருப்பிச் சொன்னார். அங்கிள் சட்டென்று சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் விளக்கத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

போகட்டும். புதுச் சீட்டில் அதிபர் இருந்தார்! என் ஆள் பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்பும்போது கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். டிரைவராக வந்தவர் அதே மேஜை முன்னால் நிற்கிறார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தன் பழைய சீட்டை எடுக்கிறார். குனிந்து ஏதோ கிசுகிசுக்கிறார். அந்த அம்மாள் கணீரென்று திருப்பிச் சொன்னார்.

அது நான் ஒரு வருஷமாகத் திட்டிய அந்தக் கட்சி.

இந்த நாட்டில் ஒரு கட்சிக்கு யானை சின்னம், இன்னொன்றுக்குக் கழுதை. எங்களில் யார் யானை, யார் கழுதை என்று எழுத மாட்டேன். இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் இரண்டு பக்கமும் உண்டு. ஒன்று நான், மற்றது பத்தொன்பது வருஷமாக என் கணவர். அவ்வளவுதான்.

காரில் ஏறி சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து மாட்டினேன். கோபத்தைவிட எனக்கு வலிதான் அதிகம். இத்தனை நாள் நான் யாரோடு டிவி பார்த்தேன்?

"நான் திட்டும்போதெல்லாம் தலையாட்டினீங்களே?"

"நீ பேசறதக் கேட்டுட்டு இருக்கேன்னு ஆட்டினேன்" என்றார். அடுத்த சிக்னலில், "என்கிட்ட நீ கேக்கவே இல்லையே" என்றார்.

உண்மைதான். அவரும் என் கட்சிதான் என்று நானே முடிவு செய்து, நானே அறிவித்தும்விட்டேன். நம் ஊர்த் தலைமைகளைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

ப்ரைமரியில் எனக்குப் புரிந்தது இதுதான். எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன்னால், சொந்த வீட்டில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதிர்ச்சிதான், ஆனால் நல்லது.

கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் தலையாட்டினால், பேச்சை நிறுத்தி, "இது ஆமாவா, சும்மாவா?" என்கிறேன். நேற்று, சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினார்.

பத்தொன்பது வருஷ சாம்பார் மேல் இப்போது எனக்குச் சந்தேகம்!