பட்டாணி நட்சத்திரங்கள்

எங்கள் கடற்கரைக்கு இறங்கும் கடைசி வளைவில் வண்டியின் முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். இரவு வானில் எழும் தென்துருவ ஒளியைப் படம் பிடிக்க முப்பது பேர் கீழே கேமரா ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு விளக்கு வந்தால் அத்தனை படமும் பாழ். டாஸ்மேனியாவின் இந்தத் தெற்கு மூலையில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே டெஸ் ட்ரிஃபிட்தான்.

டெஸ் ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்கியவர். தனிக்கட்டை. முப்பத்தொரு வருஷமாக மேகமில்லாத ஓர் இரவையும் விட்டதில்லை. மணி, திசை, நிறம் எல்லாம் நோட்டில் ஏறும். எங்கள் படங்களைக் காட்டினால் ஒளியைப் பார்க்கவே மாட்டார், நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார். ஃபோகஸ் சரியாக இருந்தால் நட்சத்திரம் ஊசிமுனை போல விழும். பிசகினால் உப்பிவிடும். "பட்டாணி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். என் முதல் வருஷப் படங்கள் எல்லாமே பட்டாணி. எரிச்சலாக வரும். ஆனால் அவர் ஒரு தடவை "ஊசி" என்று சொன்ன அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன மார்ச்சில் ஒரு வண்டி வளைவைத் தாண்டியும் விளக்கை அணைக்காமல் வந்தது. அப்போதுதான் ஒளி எழும்பியிருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன்.

இறங்கியவர் டெஸ். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். நீ கேட்டது சரிதான் என்றார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம், ஓரத்தில் மட்டும் மங்கலாகத் தெரிகிறதாம், இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விளக்கை அணைத்தால் பாதையே தெரியவில்லையாம். வண்டியை விற்றுவிட்டார். கண் முழுக்க இருட்டுவதற்குள் இன்னும் ஒரே ஒரு படம், ஊசிமுனை நட்சத்திரத்தோடு எடுத்துவிட வேண்டும் என்றார். வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை.

மே மாதம் பெரிய ஒளி வந்தது. மற்ற நாளில் கேமராவுக்கு மட்டும் தெரிகிற சிவப்பு அன்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நான் கடற்கரையில் எடுத்து முடித்து, விடிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ராத்திரி முழுக்கப் பின்பக்க வயலில் நின்றிருந்தார். பகலிலேயே தூரத்து மலையைப் பார்த்து ஃபோகஸை வைத்து, லென்ஸ் வளையம் நகராமலிருக்க டேப் ஒட்டியிருந்தார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவருக்கு மலை தெரிந்தால்தானே!

கேமராவை வாங்கிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு படம். அத்தனையும் பட்டாணி.

"ஊசியா?" என்று கேட்டார்.

"ஊசிதான் டெஸ்."

"அப்ப நம்ம ஆன்லைன் குழுவுல போட்டுடு."

அதைப் போட்டால் குழுவில் கிழித்துவிடுவார்கள். என் படம் ஒன்றை எடுத்து அவர் பெயரில் போட்டேன். சாயங்காலத்துக்குள் பாராட்டு குவிந்துவிட்டது. போய் அடுப்பருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவருக்குப் படித்தேன். அவர் முகம் மலர மலர எனக்குத் தலைகால் புரியவில்லை. நிறுத்தத் தெரியாமல் அதையும் படித்தேன்:

"'மூலையில அந்தப் படகுத்துறையும் படத்துல விழுந்திருக்கே, அதுதான் அழகு.'"

டெஸ் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என் வயல்ல ஏது படகுத்துறை, நோரீன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பட்டாணியா?"

"பட்டாணிதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

தலையை ஆட்டிக்கொண்டார். "உன் கண்ணை நம்பித்தானே கேட்டேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. படத்தை அங்கேயே நீக்கச் சொன்னார், நீக்கினேன். தன் கேமராவையும் என்னை எடுத்துப் போகச் சொன்னார். அது இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அந்த டேப்பை இன்னும் நான் பிரிக்கவில்லை.