ஆழிமுனையைக் கட்டியவள்

சாய்ந்தமருதின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒடுங்கிய சிறுதெரு ஒன்றில், சுபைறா இருக்கிறாள். கல்முனையில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் காணிப் பிளான் கீறுவது அவளுடைய வேலை. கணவன் றஸாக் கடலுக்குப் போகிறவன். ஒரே மகள் அப்ரா நாலாம் வகுப்பில் படிக்கிறாள். ஊருக்குத் தெரிந்த சுபைறா இவ்வளவுதான். அவளுக்கென்று சொந்தமாக ஒரு நகரம் இருந்தது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அந்த நகரத்தின் பெயர் ஆழிமுனை. உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, இல்லாத நாடுகளையும் இல்லாத நகரங்களையும் கொம்பியூட்டரில் கட்டி நடத்துகிற ஒரு கூட்டம் இருக்கிறது. தெருவைக் கீறினால் அதில் வாகனம் ஓடும். வீட்டை வைத்தால் ஆள் குடிவரும். தண்ணீர் போதாவிட்டால் சனம் நகரத்தை விட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நடத்துவது கொம்பியூட்டர். அலுவலகத்தில் அடுத்தவர்களின் காணி எல்லைகளையே கீறிக்கீறி அலுத்துப்போன சுபைறா, சும்மா பார்ப்போமே என்று உள்ளே போனவள், ஆறேழு வருஷத்தில் ஒரு துறைமுகமும் ரெயில் பாதையும் ஐந்து இலட்சம் சனமும் உள்ள பட்டினத்தைக் கட்டி எழுப்பிவிட்டாள்.

அந்தக் கூட்டத்தார் சில வருஷங்களுக்கு ஒரு தடவை பெரிய விளையாட்டு விழா ஒன்றும் நடத்துவார்கள். ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று எல்லாமே அதில் உண்டு. ஓடுகிறவர்களும் கொம்பியூட்டருக்குள்தான் ஓடுவார்கள். அதை எந்த நகரம் நடத்துவது என்பதற்குத்தான் பெரிய போட்டி. விருப்பமுள்ள நகரங்கள் திட்டம் வைக்க வேண்டும், நடுவர்கள் கேள்வி கேட்பார்கள், கடைசியில் எல்லாரும் வாக்களிப்பார்கள். இந்த முறை இறுதிச் சுற்றுக்கு இரண்டு நகரங்கள் வந்தன. தென் அமெரிக்காவில் பஸ் ஓட்டுகிற ஒருவர் கட்டிய மலைநகரம் ஒன்று. மற்றது ஆழிமுனை.

ஆழிமுனையின் அழகே அதன் விளையாட்டரங்குதான். கடலை ஒட்டி, சிப்பி வாய் திறந்ததுபோல அதைக் கட்டியிருந்தாள். மேல் வரிசையில் இருப்பவர்களுக்கு அலை தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்போதுதான் ஜப்பானிலிருந்த நடுவர் ஒருவர் ஒரேயொரு கேள்வியை எழுதி அனுப்பினார்: “தொடக்க விழா நடக்கும்போது கடல் எழுந்தால், அரங்கில் இருக்கும் மக்கள் எந்த வழியால் வெளியேறுவார்கள்?”

அந்தக் கேள்வியைச் சுபைறா திரும்பத் திரும்ப வாசித்தாள்.

சுனாமி வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வரிப்பத்தான்சேனையில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் நின்றாள். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த அந்த ஊருக்குக் கடல் வரவில்லை, செய்திதான் வந்தது. அவள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, உம்மாவும் இல்லை. உம்மா எந்தப் பக்கம் ஓடினா, எங்கே விழுந்தா என்று சொல்ல உயிரோடு ஒருவரும் மிஞ்சவில்லை. தண்ணீரைக் கண்டவர்கள் அதைப் பற்றிக் கதைத்துக் கதைத்து ஓரளவுக்கு ஆறினார்கள். சுபைறா காணாதவள். காணாததை எப்படி ஆற்றுவது? ஒவ்வொரு தடவையும் புதிதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். அரங்கு நிறைய ஆட்களை வைத்தாள். ஒவ்வொரு ஆளும் ஒரு மஞ்சள் புள்ளி. அரங்கிலிருந்து ஊருக்குள் போகும் தெருக்களை முன்பே தன்னுடைய ஊரின் ஒழுங்கைகளைப் பார்த்துத்தான் கீறியிருந்தாள். அகலமும் வளைவும் அதேதான், கைக்குப் பழகிய அளவுகள். கடலை எழுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் முதலில் ஒழுங்காகத்தான் ஓடின. ஒழுங்கை வளைந்து ஒடுங்கும் இடத்தில் வந்து நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை நெரித்தன. தண்ணீர் தொட்ட புள்ளிகள் சிவப்பாக மாறின. ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. லெப்டொப்பை மூடிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியவில்லை. வேலைக்குப் போகும்போது, எதிரே ஒரு ஓட்டோ வந்தால் எத்தனை பேர் அதற்குப் பின்னால் சிக்குவார்கள் என்று மனம் போய்விடும். ஒழுங்கையின் ஊர்ப்பக்க முடிவில் அபுல் ஹஸன் ஹாஜியாரின் மதில் இருந்தது. ஹார்ட்வெயார் கடைக்காரர். வீட்டைச் சுற்றியிருந்த அவருடைய வளவு குறுக்கே விழுந்ததால் ஒழுங்கை அந்த இடத்தில் முறிந்து, மதிலோரமாக ஒரு ஒடுக்கத்தால் புகுந்துதான் பிரதான வீதிக்கு ஏறும். அந்த ஒடுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் சுபைறாவுக்கு மூச்சு முட்டியது. அப்ரா ஓதப் போகும் மதறஸாவோ கடற்கரை வீதியில் இருந்தது.

றஸாக்கிடம் சொன்னாள். அவன் வலையைத் தைத்துக்கொண்டே சிரித்தான்.

“கடலுக்க போய் வாற நானே பயப்படல்ல. நீ கொம்பியூட்டருக்க இரிக்கிற கடலுக்குப் பயப்புடுறாய்.”

“சிரிக்காதீங்க. அந்த ஒழுங்கையப் பாருங்க ஒருக்கா.”

“பாத்துப் பாத்துத்தான் போறன், வாறன். நீ அந்த விளையாட்ட விட்டுப்போட்டு நிம்மதியாப் படுத்து எழும்பு புள்ள.”

அவள் விடவில்லை. விட முடியவில்லை. ஒருநாள் அரங்கில் இருந்த சனத்தையெல்லாம் எடுத்துவிட்டு, திரையிலிருந்த ஒழுங்கையில் உம்மாவின் வீடு நின்ற இடத்துக்குச் சரியாக ஒரேயொரு புள்ளியை வைத்தாள். ஓட விடுவதற்கு விரலைக் கொண்டுபோனாள். விரல் இறங்கவில்லை. புள்ளியை அழித்துவிட்டு, கைகால் கழுவி வுழூச் செய்து தொழப் போனாள்.

பிறகு ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. தூரத்து நாடொன்றில் நிலம் நடுங்கியதாம் என்று யாரோ கைப்பேசியில் கண்டிருக்கிறார்கள். அதை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, கடற்கரையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “கடல் வருகுது! ஓடுங்க! கடல் வருகுது!”

சுபைறா முற்றத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்தது அப்படியே மணலில் விழுந்தது. றஸாக் கடலில். அப்ரா மதறஸாவில். வாசலுக்கு வந்தபோது ஒழுங்கை நிறையச் சனம். பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், மோட்டார் சைக்கிளைத் தள்ளியவர்கள், செருப்பில்லாமல் ஓடியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போனார்கள். சுபைறா மறுபக்கம் திரும்பினாள்.

எதிரே போகிற ஆள் வழியை அடைப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் வேறு எவருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போனாள்.

“எங்க போறாய் புள்ள? எல்லாரும் இஞ்சால ஓடி வாறாங்க, நீ கடலுக்கா போறாய்?” என்று பக்கத்து வீட்டு நஸீறா கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்ரா ஓதுற இடத்தில இரிக்கிறாள். விடுங்க ராத்தா, விடுங்க என்ன!”

உதறிக்கொண்டு நாலைந்து வீடு தாண்டியிருப்பாள். அதற்கு மேல் கால் போகவில்லை. முன்னாலிருந்து வந்த நெருக்கம் அவளைத் தூக்கிப் பின்னுக்கே கொண்டுவந்தது. ‘யா அல்லாஹ், யா அல்லாஹ்’ என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையதுதானா என்றுகூடத் தெரியவில்லை. தண்ணீரின் இரைச்சல் கேட்பதுபோலவே இருந்தது. சனத்தோடு சனமாக ஹாஜியாரின் மதிலடிக்கு வந்து சிக்கினாள். யாரோ ஒருவரின் முழங்கை அவள் விலாவில் குத்தியது. காலடியில் சல்மா உம்மா விழுந்து கிடந்தா. எழுபது வயதைத் தாண்டிய மனுசி, ஒழுங்கையின் கடற்பக்கத் தலைப்பில் குடியிருப்பவ. சுபைறா குனிந்து அவவின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, மதிலில் முதுகைக் கொடுத்துத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். வேறொன்றும் செய்ய வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் வரும் என்று காத்து நின்றாள்.

தண்ணீர் வரவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், கடல் வழமைபோலத்தான் இருக்கிறது, ஒருவரும் பயப்பட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டது. நெருக்கம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது. சல்மா உம்மாவின் இடது கை முறிந்து தொங்கியது. அவவை ஓட்டோவில் ஏற்றிவிட்டுப் பிரதான வீதிக்கு ஓடிய சுபைறா, ஒரு கடை வாசலில் அப்ராவைக் கண்டாள். மதறஸாப் பிள்ளைகளை ஆசிரியை அடுத்த தெருவால் முதலிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. யாரோ கொடுத்த பிஸ்கட்டை அப்ரா கடித்துக்கொண்டு நின்றாள்.

“உம்மா, ஏன் உங்கட கால்ல ரெத்தம்?”

சுபைறா வீதியிலேயே குந்தி மகளைக் கட்டிக்கொண்டாள்.

பொழுது படும் நேரம், மஃரிபுக்கு முன் கரை சேர்ந்த றஸாக், கடல் பாய் விரித்ததுபோலக் கிடக்குது, உங்களுக்கெல்லாம் என்ன பைத்தியமா என்று பகிடி விட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தான். மனைவியின் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். அவள் லெப்டொப்பைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். புள்ளிகள் ஓடின, வளைவில் நின்றன, சிவந்தன. றஸாக் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

“இது நம்மட ஒழுங்கை.”

“ஓம்.”

“இண்டைக்கு நீ எவடத்தில நிண்டாய்?”

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். சிவப்பு திரண்டிருந்த இடம்.

இரண்டொரு நாள் கழித்து, ஆசுபத்திரியிலிருந்து வந்த சல்மா உம்மாவைச் சுகம் விசாரிக்க இருவரும் போனார்கள். றஸாக் சொன்னதற்காக லெப்டொப்பையும் எடுத்துப் போயிருந்தாள். அபுல் ஹஸன் ஹாஜியாரும் ஒரு பை தோடம்பழத்தோடு அங்கே வந்திருந்தார். றஸாக் லெப்டொப்பைத் திறந்துவைத்து, பேச்சை மதிலில் கொண்டுவந்து விட்டான். ஹாஜியாருக்கு முகம் சிவந்தது.

“என்ட காணி, என்ட மதில். உறுதிப் பத்திரம் இரிக்கி. பொம்மைப் படத்தக் காட்டி அத உடைக்கச் சொல்லுறயா?”

“உடைக்கச் சொல்லல்ல ஹாஜியார்” என்றாள் சுபைறா. “எனக்குப் பயமா இரிக்கி. அதைத்தான் சொல்லுறன்.”

சல்மா உம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி திரையை எட்டிப் பார்த்தா.

“இதுல நான் எது மகள்?”

சுபைறா ஒழுங்கையின் தலைப்பில் ஒரு புள்ளியைக் காட்டினாள். “இதெண்டு வெச்சுக்கங்க மாமி.”

கடலை எழுப்பிவிட்டாள். கிழவி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தா. அது போய்ப் போய் மதிலடியில் நின்றது.

“ஏன் நிண்டுட்டு?”

“போக இடமில்ல மாமி.”

புள்ளி சிவந்தது. சல்மா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, சலாம் சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

மதில் உடையவில்லை. ஆனால் அடுத்த மாதம் மேசன்மார் வந்து, மதிலில் லொறி போகிற அகலத்துக்கு ஒரு கேட் வைத்தார்கள். உள்ளே அவருடைய வளவைக் கடந்தால் நேரே பிரதான வீதி. பூட்டுப் போடுவதில்லை. ஆடு மாடெல்லாம் உள்ளே வருகுது என்று ஹாஜியார் காணுகிறவர்களிடமெல்லாம் ஏசிக்கொண்டு திரிந்தார். ஏசினாலும் பூட்டவில்லை.

அதே கிழமைகளில் சுபைறா ஆழிமுனையின் அரங்கைக் கடலோரத்திலிருந்து பெயர்த்து, வயற்பக்கத்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனாள். சிப்பி வடிவம் போயிற்று. அலை தெரிகிற வரிசையும் போயிற்று. தெருக்களை எல்லாம் அகட்டினாள். ஜப்பான்காரருக்குப் பதில் எழுதினாள்: “கடல் எழும்பினால் என் சனம் ஓட வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கனவே மேட்டில் இருப்பார்கள்.”

வாக்கெடுப்பில் மலைநகரம் வென்றது. கடலோர அரங்குக்காகவே ஆழிமுனையை விரும்பிய பலர் கடைசியில் மாறிப் போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. சுபைறாவுக்குக் கவலைதான், ஆனால் அழுகை வரவில்லை. பஸ் சாரதிக்கு வாழ்த்து எழுதிவிட்டு, பாதியில் கிடந்த காணிப் பிளானைக் கீறத் தொடங்கினாள்.

வீட்டில் அப்ராதான் அதிகம் துக்கப்பட்டாள். “அரங்க அங்கயே விட்டிருந்தா நாம வெண்டிருப்பமே உம்மா.”

“ஓம் மகள். வெண்டிருப்பம்.”

“அப்ப ஏன் மாத்தினீங்க?”

“எனக்குப் பயம்” என்றாள் சுபைறா. மகளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கும் பயந்தான்” என்றாள் அப்ரா.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாடைக்காற்றில் கடல் இரையும் நாட்களில் சுபைறா சோறு போட்ட கையோடு வாசலுக்கு வந்து காதுகொடுத்து நிற்பாள். முன்பென்றால் றஸாக் பகிடி பண்ணுவான். இப்போது அவனும் எழும்பி வந்து, பக்கத்தில் நின்று கேட்கிறான்.